சமமில்லாத மதிப்பெண்களும் சேர்க்கை வரிசைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். அவையில் காட்டிய அட்டவணைகளும் கேள்வி நேர உரையாடலும் இதில் இடம்பெறவில்லை.)



புள்ளியியலில் விரும்பிய பொருளைப் பற்றிப் பேசலாம் என்று அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது, பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி: "இந்த மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" புள்ளியியல் படித்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பொறுப்போடு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தை நாம் காலியாக விட்டதால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் யூகமும் தரகர்களின் பேச்சும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

எல்லாப் பாடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு மதிப்பெண் வாங்கியவருக்கு இந்தக் கேள்வி பெரிய சிக்கலைத் தராது. கணிதத்தில் 78, வேதியியலில் 98 என்று வாங்கியவருக்கும், பள்ளித் தேர்வில் உயர்ந்து நுழைவுத் தேர்வில் தாழ்ந்தவருக்கும், அதற்கு நேர்மாறானவருக்கும்தான் அது வாட்டும் கேள்வியாகிறது. அவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவருக்குப் பொதுவான 'வாய்ப்பு' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் ஒரே மதிப்பெண் பட்டியலை வெவ்வேறு விதமாகக் கூட்டுகிறது. சமமான மதிப்பெண் உள்ளவருக்கு எந்த விதமாகக் கூட்டினாலும் விடை பெரிதாக மாறாது. சமமில்லாத மதிப்பெண் உள்ளவருக்கோ கூட்டும் விதமே அவருடைய இடத்தை முடிவு செய்கிறது. இதைச் சில கூறுகளாகப் பிரித்து விளக்குகிறேன்.

1. ஒரே பட்டியல், மூன்று வரிசைகள்

இரண்டு மாணவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தவர்கள். முதலாமவர் கணிதத்தில் 78, இயற்பியலில் 96, வேதியியலில் 98, உயிரியலில் 97 வாங்கியிருக்கிறார். இரண்டாமவர் கணிதத்தில் 98, இயற்பியலில் 78, வேதியியலில் 76, உயிரியலில் 80.

நம் பொறியியல் சேர்க்கையில் கணிதம் முழுதாக 100-க்கு எடுக்கப்படுகிறது, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50 ஆக எடுக்கப்படுகின்றன, மொத்தம் 200. முதலாமவருக்கு 78, 48, 49 சேர்ந்து 175. இரண்டாமவருக்கு 98, 39, 38 சேர்ந்து அவருக்கும் 175. இந்தக் கூட்டுத்தொகைதான் கட்ஆஃப்; இருவருக்கும் அது ஒன்றுதான். அப்போது யார் முன்னே? சமமான கட்ஆஃப் உள்ளவர்களுக்குள் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாமவர் முன்னே போகிறார். மூன்று பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் முதலாமவர் 272, இரண்டாமவர் 252. இருபது மதிப்பெண் கூடுதலாக வாங்கியவர் பின்னே நிற்கிறார்.

இதை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பொறியியலுக்குக் கணிதம் அடித்தளம் என்று கருதி வகுத்த விதி அது. ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "மொத்த மார்க் நன்றாக இருக்கிறதே, ஏன் ரேங்க் இப்படி வந்தது?" என்று பெற்றோர் திகைக்கிறார்கள். பிள்ளை தானே ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக் குறுகிப்போகிறது.

இப்போது அதே இருவரையும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் வரிசையில் நிறுத்துங்கள். அங்கே உயிரியல் 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் 50, 50. முதலாமவர் 97, 48, 49 சேர்ந்து 194. இரண்டாமவர் 80, 39, 38 சேர்ந்து 157. பொறியியலில் தோளோடு தோள் நின்றவர்களுக்கு இடையே இங்கே 37 மதிப்பெண் இடைவெளி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடங்களும் தலா 50-க்கு எடுக்கப்படுகின்றன. அங்கே முதலாமவருக்கு 184.5, இரண்டாமவருக்கு 166.

விடைத்தாள் அதேதான், உழைப்பும் அதேதான். மூன்று வரிசைகளில் மூன்று வேறு இடங்கள். முதலாமவர் பொறியியல் கட்ஆஃபை மட்டும் கணக்கிட்டுவிட்டு மனம் தளர்ந்து, கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டால், தன்னுடைய மிக வலுவான வரிசையில் அவர் நிற்கவே இல்லை. இந்தப் படிப்புகளுக்குத் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசி நாள். அந்த நாள் போய்விட்டால் 194-க்கு ஒரு மதிப்பும் இல்லை. விண்ணப்பிக்காமல் விட்டதால் போன இடங்களை எந்தத் தரவரிசைப் பட்டியலும் காட்டாது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. எனக்கு மிகவும் வேதனை தருவதும் இதுதான்.

2. அறிவித்த எடையும் உண்மையான எடையும்

இரண்டு தேர்வுகளைச் சேர்த்துத் தரவரிசை போடும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. நமக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1984-இல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் எடுக்கப்பட்டு மொத்தம் 300-க்குத் தரவரிசை போடப்பட்டது. அன்றைய பெற்றோர்கள் 'கட்ஆஃப் 290' என்று பேசியது இந்தக் கணக்கில்தான்.

பிளஸ் டூவுக்கு மூன்றில் இரண்டு பங்கு, நுழைவுத் தேர்வுக்கு ஒரு பங்கு என்பது அறிவித்த எடை. உண்மையில் எது தரவரிசையைத் தீர்மானித்தது? கூட்டுத்தொகையில் ஒரு தேர்வின் உண்மையான எடை அதன் உச்ச மதிப்பெண்ணைப் பொறுத்தது அன்று. போட்டியில் இருப்பவர்களுக்கு இடையே அந்த மதிப்பெண் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. போட்டியின் மேல்தட்டில் பிளஸ் டூ மதிப்பெண்கள் 194-லிருந்து 200 வரை நெருங்கிக் கிடக்கின்றன என்றும், நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் 75-லிருந்து 97 வரை விரிந்து கிடக்கின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வில் ஒருவர் அதிகபட்சமாகப் பெறக்கூடிய முன்னிலை 6. நுழைவுத் தேர்வில் பெறக்கூடிய முன்னிலை 22. 200-க்கு எடுத்த தேர்வு ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறது. 100-க்கு எடுத்த தேர்வே யார் மேலே, யார் கீழே என்று பேசுகிறது.

ஆகவே பள்ளிப் படிப்பில் 199 வாங்கிய மாணவி, "எனக்கு மூன்றில் இரண்டு பங்கு கையில் இருக்கிறது" என்று நம்பியிருந்தால், அந்த நம்பிக்கைக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை. அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. பயிற்சி நிலையங்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த முறையோடு சேர்ந்து வளர்ந்த ஒரு தவறான முடிவையும் குறிப்பிட வேண்டும். "பிளஸ் டூவில் அதிகம் வாங்குகிறவர்கள் மனப்பாடக்காரர்கள், நுழைவுத் தேர்வில் தேறுவதில்லை, நுழைவுத் தேர்வில் தேறுகிறவர்கள் பிளஸ் டூவில் சுமார்" என்று கல்லூரி ஆசிரியர்கள் பலர் தங்கள் வகுப்பைப் பார்த்துச் சொல்வதுண்டு. வகுப்பில் அப்படித் தெரிந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது தேர்ந்தெடுப்பு உண்டாக்கும் தோற்றம். உள்ளே வர 280 வேண்டும் என்றால், 198 வாங்கியவர் 82-உடன் வந்துவிடுவார். 188 வாங்கியவர் 92 வாங்கினால்தான் வருவார். இரண்டிலும் குறைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டிலும் மிக உயர்ந்தவர் வேறு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். மிஞ்சியவர்களுக்குள் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்துதான் இருக்கும். மாநிலத்தின் எல்லா மாணவர்களையும் எடுத்துப் பார்த்தால் ஒரு தேர்வில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் ஓரளவு நன்றாகவே செய்வார். வடிகட்டிய வகுப்பைப் பார்த்து வடிகட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு 2006-இல் பரிந்துரைத்து, சட்டமன்றம் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து, 2007 சேர்க்கையிலிருந்து மாநில நுழைவுத் தேர்வு முடிவுக்கு வந்தது. இரண்டு மதிப்பெண்களைச் சேர்க்கும் முறை மட்டும் முற்றிலும் போய்விடவில்லை. கட்டடக்கலைப் படிப்பில் பிளஸ் டூ 200-க்கும் திறனறித் தேர்வு 200-க்கும் சேர்ந்து இன்றும் 400-க்குத் தரவரிசை போடப்படுகிறது. மத்திய அளவில் ஜேஇஇ மெயின் தேர்வில் 2013 முதல் 2016 வரை பள்ளித் தேர்வுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே பிளஸ் டூவில் 75 விழுக்காடு என்பது, சில பிரிவினருக்கு 65 விழுக்காடு என்பது, நுழைய ஒரு தகுதி மட்டுமே. 76 வாங்கியவரும் 99 வாங்கியவரும் அந்த வாசலைத் தாண்டிய பிறகு சமம். பள்ளித் தேர்வில் ஏற்கெனவே 90-ஐத் தொட்டுவிட்ட ஒருவர் ஐஐடியை எண்ணி அதை 95 ஆக்கப் போராடுவதால் அந்த வரிசையில் ஓர் இடம்கூட முன்னேறமாட்டார். அதே ஐந்து மதிப்பெண் நம் மாநிலப் பொறியியல் வரிசையில் அவரை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும்.

3. வேறு வேறு அளவுகோல்களை ஒப்பிடுவது

இதுவரை சொன்னது ஒரே தேர்வை எழுதியவர்களைப் பற்றி. வேறு வேறு வாரியத் தேர்வுகளை எழுதியவர்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது என்ன செய்வது? நம் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் பிற வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் சமமாக்கப்படும்; மற்றவர்களுடைய மதிப்பெண் அதே விகிதத்தில் மாறும். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, பிற வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு இங்கே 66.66.

எளிமையான வழி, யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் முழு ஒப்பீடும் இரண்டு முதல் மாணவர்களின் மேல் நிற்கிறது. இரண்டு வாரியங்களிலும் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று; ஒரு தேர்வு கடினமாகவும் மற்றது எளிதாகவும் இருந்திருந்தாலும் ஒரு மாற்றமும் வராது. ஒரு தேர்வின் கடினத்தைச் சொல்ல வேண்டியது அதை எழுதிய எல்லாருடைய மதிப்பெண்ணும். முதல்வருடையது மட்டும் போதாது.

எல்லாரையும் கணக்கில் எடுத்த முறை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001-ஆம் ஆண்டின் உயர்தரத் தேர்விலிருந்து இசட் புள்ளி என்னும் அளவு பயன்படுகிறது. ஒருவருடைய மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, திட்ட விலக்கம் 15 என்றால் அங்கே 70 வாங்கியவருக்கு 2. வேறொரு பாடத்தில் சராசரி 60, திட்ட விலக்கம் 10 என்றால் அங்கே 75 வாங்கியவருக்கு 1.5. எண்ணிக்கையில் 75 பெரிது. இடத்தில் 70 உயர்ந்தது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே மாணவரின் அளவு. சமமில்லாத மதிப்பெண்களை வாசிக்க நான் அறிந்தவற்றுள் நேர்மையான முறை இது.

அதிலும் ஒரு கேள்வி தீராமல் இருக்கிறது. சராசரி என்றால் யாருடைய சராசரி? 2011 தேர்வைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினார்கள். இருவரையும் ஒரே கூட்டமாகக் கொண்டு போட்ட இசட் புள்ளிகள் பெரும் பூசலாகி நீதிமன்றம் போயின; 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரு கூட்டங்களையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னது. அதற்கெல்லாம் முன்பு, 1970-களின் தொடக்கத்தில், மொழிவாரித் தரப்படுத்தல் என்ற பெயரில் தமிழ் வழியில் எழுதியவர்கள் மட்டும் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்ததை இலங்கைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யாரை யாரோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்பவர் ஒரு தலைமுறையின் தலையெழுத்தை எழுதுகிறார்.

இன்று அங்கே பெரும்பாலான படிப்புகளுக்கு 40 விழுக்காடு இடங்கள் தீவு முழுவதற்குமான தகுதி வரிசைக்கும், 55 விழுக்காடு மாவட்ட வரிசைகளுக்கும், 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒரே இசட் புள்ளிக்குக் கொழும்பில் ஒரு பொருள், முல்லைத்தீவில் வேறு பொருள். என் மையக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

4. இரண்டு மதிப்பெண்களும் முரண்படும்போது

இந்தப் பகுதியைப் பேசுவது எனக்கு எளிதாக இல்லை. 2017-இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கினார். பழைய கணக்கில் மருத்துவ கட்ஆஃப் 196.75. மருத்துவச் சேர்க்கைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட்டில் அவர் வாங்கியது 720-க்கு 86. அந்த ஆண்டு நீட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு விலக்கு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகஸ்ட் வரை நீடித்தது. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்தச் சொன்னது. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

அந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு அப்போது பலர் பேசினார்கள். 86-தான் உண்மை, 1176 வெறும் மனப்பாடம் என்றார்கள் சிலர். ஒரு புள்ளியியல் ஆசிரியனாக நான் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: அப்படிச் சொல்ல அந்த எண்களில் இடமில்லை.

நீட் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். 180 வினாக்கள்; சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். 180 வினாவுக்கும் அப்படியே செய்தால் 45. எதைத் தொடுவது, எதை விடுவது, ஒரு நிமிடத்தில் எப்படி முடிவெடுப்பது என்பதெல்லாம் பாட அறிவோடு சேர்ந்த தனிப் பழக்கம். அந்தப் பழக்கம் மாதிரித் தேர்வுகளை எழுதி எழுதி வருவது. பணமும் ஊரும் நேரமும் கேட்பது. பிளஸ் டூ தேர்வோ அரசு தந்த பாடநூலை முழுதாகக் கற்று, மூன்று மணி நேரத்தில் விரித்து எழுதக் கேட்கிறது. ஒருவர் ஒன்றில் 98 விழுக்காடும் மற்றதில் 12 விழுக்காடும் வாங்கினால் அந்த இடைவெளி முதலில் சொல்வது, அவர் எந்தத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தப்பட்டார், எதற்கு ஆயத்தப்படுத்தப்படவில்லை என்பதைத்தான். அறிவைப் பற்றிய தீர்ப்பு அதில் கிடையாது.

முந்தைய ஆண்டு வரை அந்த மாணவி நிற்க வேண்டிய வரிசை ஒன்றாக இருந்தது. அவர் அதற்காக உழைத்து, அதன் முன்பகுதிக்கு வந்தார். வந்த பிறகு வரிசை மாற்றப்பட்டது. வேறு படிப்புகளின் வரிசைகளைத் தேடுங்கள் என்று முதல் பகுதியில் சொன்னேன். மருத்துவம் ஒன்றையே நினைத்து உழைத்த பிள்ளையிடம் அதைச் சொல்வது போதாது; அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் விதியை வகுக்கிறவர்கள். எந்தத் தேர்வின் அடிப்படையில் சேர்க்கை என்பதை ஒரு மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். அவர் படித்து முடிக்கும்வரை அது மாறக் கூடாது. இதை ஓர் உரிமையாகவே சட்டத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வியில், 2020-இல் மருத்துவச் சேர்க்கைக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நல்ல முயற்சி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் நீட் மதிப்பெண்ணில் தங்களுக்குள் ஒப்பிடப்படுகிறார்கள். ஒரே விதமான வாய்ப்புக் குறைவோடு ஓடியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால்தான் மதிப்பெண் வேறுபாடு உழைப்பையும் திறமையையும் ஓரளவாவது காட்டும். மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கும் அது விரிந்தது. இதற்கு உரியவர்கள் பொது வரிசையின் கட்ஆஃபைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிவிடக் கூடாது. அவர்களுக்கு வேறு வரிசை இருக்கிறது.

5. சென்ற ஆண்டு எண்ணும் இந்த ஆண்டு இடமும்

வாய்ப்பை எடைபோடும்போது எல்லாரும் முதலில் எடுப்பது சென்ற ஆண்டின் கடைசிக் கட்ஆஃப். அதை அப்படியே நம்பலாகாது. 2024 நீட் தேர்வில் ஜூன் மாதம் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். திருத்தங்களுக்குப் பிறகும் 17 பேர். 2025-இல் வினாத்தாள் கடினம். நாட்டிலேயே உயர்ந்த மதிப்பெண் 686. 2024-இல் 690 வாங்கி ஏங்கி நின்றவர் எத்தனையோ பேர். அடுத்த ஆண்டு அந்த எண்ணை எவரும் தொடவே இல்லை. 2021-இல் கொரோனா காரணமாக நம் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் தந்தார்கள். அந்த ஆண்டின் கட்ஆஃபை வைத்து அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

எனவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். தரவரிசை எண்ணைத் தரவரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு கல்லூரியில் ஒரு பிரிவில் உங்கள் இடஒதுக்கீட்டு வகுப்பினருக்கான கடைசி இடம் சென்ற ஆண்டுகளில் எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். வினாத்தாள் எளிதானாலும் கடினமானாலும் அந்த எண் அவ்வளவாக ஆடாது. இட எண்ணிக்கை மாறினால், புதிதாக ஒரு பிரிவுக்கு மோகம் வந்தால் ஆடும். அதையும் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண்கள் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பொறியியல் வரிசையின் நடுப்பகுதியில் ஒரே ஒரு கட்ஆஃப் மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். அங்கே அரை மதிப்பெண் போனதாலேயே விரும்பிய கல்லூரி கைவிட்டுப் போகலாம். இயற்பியலில் ஒரு மதிப்பெண் என்பது கட்ஆஃபில் அரை; கணிதத்தில் ஒன்று. மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ பணம் கட்ட யோசிக்கிற குடும்பம், எந்தப் பாடத்துக்கு முதலில் கட்டுவது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

விருப்பப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. இணையவழிக் கலந்தாய்வில், "கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கிறதும் போய்விடும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது உண்மை இல்லை. உங்கள் முறை வரும்போது, பட்டியலின் மேலிருந்து கீழாக வந்து, இடம் மீதியிருக்கும் முதல் விருப்பத்தைக் கணினி உங்களுக்கு ஒதுக்குகிறது. கிடைக்காததை மேலே எழுதியதால் எதையும் இழக்கமாட்டீர்கள். பயந்து கீழானதை மேலே எழுதினால் அதுவே கிடைத்து நின்றுவிடும். உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். நிச்சயம் கிடைக்கக்கூடியவற்றைக் கீழே தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சிலவற்றை மட்டும் எழுதி நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

6. செய்ய வேண்டியவை

அரசுக்கு ஒரு கோரிக்கை. பிளஸ் டூ முடிவு வெளியாகும் அன்றே, ஒவ்வொரு படிப்பின் கட்ஆஃப் கணக்கிலும் எந்த மதிப்பெண்ணில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வகுப்புவாரியாக வெளியிட வேண்டும். தரவு முழுதும் அரசின் கணினியில் இருக்கிறது. இதற்குத் தனிச் செலவு கிடையாது. இந்த ஒரு பட்டியல் இருந்தால், தரவரிசை வரும்வரை வாரக்கணக்கில் யூகத்திலும் கலக்கத்திலும் கழியும் நாட்கள் குறையும். யூகத்தை விற்றுப் பிழைப்பவர்களுக்கும் வேலை குறையும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் சான்றிதழ் வாங்க வரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், அவர் படித்த பிரிவுக்குத் திறந்திருக்கும் கலை அறிவியல் படிப்புகள் என்று ஒவ்வொரு வரிசையிலும் அவருடைய மதிப்பெண் என்ன ஆகிறது, அவருக்கு எந்த ஒதுக்கீடுகள் பொருந்தும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு கணித ஆசிரியரும் ஒரு கணினியும் இருந்தால் ஒரு வகுப்பு முழுவதற்கும் இதை ஒரு பகலில் முடித்துவிடலாம். சமமில்லாத மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள். அவர்களுக்குத்தான் எந்த வரிசையில் போய் நிற்பது என்று தெரியாது.

விண்ணப்பங்களின் கடைசி நாளுக்கு முன்பு இதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு செய்தால் பயனில்லை.